வியாழக்கிழமைக் கேமரா

ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்த அன்று வீடு திரும்பிய சைமன் முதலில் கேட்டது அரிசிம்பருப்புச் சோறுதான். குரல்வளையை எடுத்துவிட வேண்டும், வேறு வழியில்லை என்று டாக்டர் சொன்னதை அவர் பஸ்ஸிலேயே செரித்துவிட்டவர் போல இருந்தார். கிருபாவதிக்குத்தான் அன்னூர் தாண்டி இறங்கி, கைகாட்டியிலிருந்து நடந்து வந்த பிறகும் அது நெஞ்சிலேயே நின்றது.

"நல்லாக் கொழைய வேக வெய்யி அம்மணி. நெய்யி ரெண்டு சொட்டுச் சேத்தி ஊத்து. இனி எத்தன நாளைக்குத் தொண்டை வழியாத் திங்கப்போறனோ."

"டாக்டரு சாப்பாட்டுக்கு ஒன்னுமில்லீன்னுதானுங்க சொன்னாரு. பேச்சு மட்டுந்தான்னு."

"பேச்சு மட்டுந்தான்," என்று அவர் திருப்பிச் சொன்னார். மண்ணை அரித்தது போல இருந்தது குரல். "பேச்சு போனா உனக்கு நல்லதுதான். ராத்திரில கொறை சொல்லாமத் தூங்குவன்."

அவள் சிரிக்கவில்லை. அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள்.

நஞ்சுண்டனின் தறி குடோனுக்குப் பின்னால் ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் நாலு வீடுகள். கடைசி வீடு அவர்களுடையது. குடோன் சுவருக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு வண்டி போகிற அளவுக்குச் சந்து. பாத்திரம் கழுவுவது, துணி உலர்த்துவது, ஒரம்பரை என்று விருந்தாளி வந்தால் நாற்காலி போடுவது எல்லாம் அந்தச் சந்தில்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு அதுதான் வீடு. சைமன் குடோனுக்குள் தறி ஓட்டினார். அவள் அதே குடோனின் மூலையில் தார் சுற்றினாள். தறியின் நாடாவுக்குள் போகிற சிறு குச்சிகளில் நூல் ஏற்றுகிற வேலை. பஞ்சுத் தூசி புருவத்தில் படிந்து, இளவயதிலேயே இருவரும் நரைத்தவர்கள் போலத்தான் வீட்டுக்கு வருவார்கள்.

அத்தனை தறிகள் ஓடுகிற இடத்தில் கத்திப் பேசி ஆகாது. கத்தினால் தொண்டைதான் போகும். குடோன் ஆட்கள் சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் நன்றாக விரித்துக் குவித்து, நிதானமாகப் பேசுவார்கள். எட்டத் தறியில் நிற்பவர் சொல்வது இந்த மூலையில் இருக்கிறவருக்கு விளங்கிவிடும். முதலாளி நஞ்சுண்டன் நடுவில் முதுகைக் காட்டி நிற்கும்போதே அவரைப் பற்றிய பேச்சு அவர் தலைக்கு மேல் போய் வரும். சைமன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டதும் அப்படித்தான். "என்ற ஊட்டுக்கு வாரியா?" என்று எட்டத் தறியிலிருந்து உதட்டால் கேட்டார். அவள் கையில் நூல் அறுந்துபோனது.

பிறகொரு கோடையில் அவளுக்குக் கல்லடைப்பு வந்து துடித்துப்போனாள். தண்ணீர் குடிக்காததுதான் காரணம் என்றார்கள். அதிலிருந்து சைமனுக்கு ஒரு பழக்கம். தறியில் பாவு நூல் அறுந்ததோ இல்லையோ, அவ்வப்போது தலையைத் தூக்கி அவளைப் பார்ப்பார். "தண்ணி குடிச்சியா?" என்று உதடு அசையும். அவள் குடிக்காமலே தலையாட்டுவாள். குடித்தால் வெளியே போக வேண்டிவரும், தார் நின்றுவிடும். அவர் நம்பாமல் இன்னொரு தரம் கேட்பார்.

மகள் ஜெனிதாவை மட்டும் இருவரும் குடோன் வாசலை மிதிக்க விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் சந்தோடு நின்றுகொள்ள வேண்டும். அவள் படித்து, திருப்பூரில் கிறிஸ்டோவைக் கட்டிக்கொண்டு, இப்போது முதல் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஏழு மாதம். எழுந்திருக்க இரண்டு கையும் ஊன்ற வேண்டியிருந்தது.

வீடியோ எடுத்து வைக்க வேண்டும் என்று முதலில் சொன்னது அவள்தான்.

சைமன் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தைக்கு ஞானஸ்நானம் முடிந்ததும் தாத்தா அதன் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்க வேண்டும். மனதுக்குள் ஜெபித்தால் கணக்கில் சேராது. சபையே கேட்கும்படி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஜெனிதாவுக்குச் சைமனின் தகப்பனார் சொன்னதை இன்றும் ஊரில் ஒன்றிரண்டு பேர் நினைவாகச் சொல்வார்கள்.

"பாப்பா பொறக்கறப்ப அப்பாவுக்குக் கொரல் இருக்காது," என்றாள் ஜெனிதா. "இப்பவே பேசச் சொல்லி எடுத்து வெச்சுக்கலாம். அன்னிக்குச் சர்ச்சுல டி.வி. வெச்சுப் போட்டுக்கலாம். என்ற போன்லயே எடுக்கறன்."

"உன்ற போன்லயா?" கிருபாவதி ஈரக்கையோடு வெளியே வந்தாள். "உன்ற மாமன எடுத்த மாதிரியா?"

கிருபாவதியின் தம்பி விபத்தில் போன பிறகு மிஞ்சியது ஒரு நோம்பித் திருவிழாவில் யாரோ போனில் எடுத்த சிறு வீடியோதான். அதில் அவன் ஆடுகிறான், திரும்புகிறான். முகம் மட்டும் சதுரம் சதுரமாகக் கலைந்து கிடக்கும். கொஞ்ச காலம் தினமும் அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் தம்பியின் நிஜ முகமே மறந்து அந்தச் சதுரங்கள்தான் நினைவுக்கு வருகின்றன என்று கண்டு, பார்ப்பதை விட்டுவிட்டாள்.

"எடுத்தா மூஞ்சி தெளிவா இருக்கோணும்," என்றாள். "கண்ணு, பல்லு, மீசைல இருக்கற நரைமுடி எல்லாந் தெரியோணும். இல்லீன்னா வேண்டாம்."

அந்த வாரம் முழுக்க அதே பேச்சு. கிறிஸ்டோ தவணையில் புதுப் போன் வாங்கிவிடலாம் என்றான். "மாமா, இப்ப வர்ற போன்லயெல்லாம் சினிமாவே எடுக்கறாங்க."

"சினிமாவுக்குக் கதாநாயகன் வேணுமில்ல மாப்ள. தொண்டைல கட்டி வெச்சவன வெச்சா எடுப்பாங்க?" என்றார் சைமன். "பிரசவச் செலவு முன்னால நிக்குது. தவணையெல்லாம் வேண்டாம்."

அன்னூர் ஸ்டுடியோக்காரரைக் கிறிஸ்டோ விசாரித்து வந்தான். அவர் கல்யாணத்துக்குச் சொல்கிற மாதிரியே சொன்னாராம். ரெண்டு கேமரா, ஒரு ட்ரோன், ஆல்பம்.

"ட்ரோன் எதுக்கு? என்ற வழுக்கைய மேல இருந்து புடிக்கவா?" சைமன் சிரிக்கப்போய் இருமலில் மாட்டிக்கொண்டார். கிருபாவதி முதுகைத் தடவினாள். இருமல் அடங்கியதும் அவர் அவள் கையை எடுத்துவிட்டு, "வாடகைக்குக் கேமரா குடுப்பாங்களாமா. நம்ம சவுண்டு சர்வீஸ்காரன் சொன்னான். கோயமுத்தூர்ல," என்றார்.

டவுன்ஹால் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது ஆசிப்பின் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். கிருபாவதியும் ஜெனிதாவும் போனபோது ஆசிப் ஒரு லென்சை ஊதி ஊதித் துடைத்துக்கொண்டிருந்தான். கர்ப்பிணியைப் பார்த்ததும் தன் ஸ்டூலை எடுத்து வெளியே போட்டான்.

"என்ன பங்சனுங்கக்கா?"

"பங்சனெல்லாம் ஒன்னுமில்லீங்க தம்பி. என்ற ஊட்டுக்காரர் பேசறத எடுக்கோணும். பேச்சு போகப்போகுதுங்க அவருக்கு."

ஆசிப் துடைப்பதை நிறுத்தினான். அதற்குப் பிறகு அவன் வியாபாரம் பேசவில்லை, சொந்தக்காரன் போலத்தான் பேசினான். பெரிய கேமரா எதுவும் வேண்டாம் என்றான். "கேமரா பாதிதானுங்கக்கா, வெளிச்சந்தான் மீதி. காலைல ஒம்பது பத்து மணிக்கு அவர நெழல்ல ஒக்கார வெய்ங்க. எதுத்தாப்புல வெள்ளைச் செவுரு இருந்தா ரொம்ப நல்லது. வெயில் அதுல பட்டு மூஞ்சிக்கு வரும். அதுக்கு மேல ஒரு லைட்டும் வேண்டாம். ஸ்டாண்டுல வெச்சுப்போட்டு யாரும் தொடாதீங்க. அவரு கண்ணுமேல ஒரு தரம் தொட்டு விட்டீங்கன்னா அதுவே போகஸ் புடிச்சுக்கும்."

"மூஞ்சி தெளிவா வருங்களா?"

ஆசிப் இரண்டு லென்சுகளை எடுத்து வைத்தான். ஒன்று கேமராவோடு சாதாரணமாக வருவது. இன்னொன்று முகத்துக்கென்றே உள்ளது, அதற்குத் தனி வாடகை. அதைப் போட்டு ஜெனிதாவின் முகத்துக்கு நேரே பிடித்து, பின்னால் இருந்த சிறு திரையைக் காட்டினான். கிருபாவதி குனிந்து பார்த்தாள். மகளின் கீழுதட்டில் இருந்த வெடிப்பு தெரிந்தது. கண்ணில் கடைவீதி தெரிந்தது.

"இதுதானுங்க வேணும்."

"அப்ப இதோட காலர் மைக்கும் எடுத்துக்குங்க. கேமராவுல இருக்கற மைக்கு அவ்வளவு நல்லா எடுக்காது."

அதற்கும் தனி வாடகை. ஜெனிதா அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையில் முடிந்திருந்த பணத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது தெரிந்தது.

"ஏனுங்க தம்பி, ரெண்டும் இல்லாம ஒன்னு மட்டும்னா?"

ஆசிப் தலையைச் சொறிந்தான். "எடம் எப்பிடீங்கக்கா? மெயின் ரோட்டு மேல ஊடா?"

"இல்லீங்க. ரொம்ப உள்ள தள்ளி. பஸ்ஸுகூட வராது."

"சத்தம் ஒன்னும் இருக்காதுங்களா?"

"ஒரு சத்தமும் இருக்காதுங்க. அமைதியான எடம்."

கிருபாவதி மனசாரத்தான் சொன்னாள். ஜெனிதாவும் ஆமாம் என்று தலையாட்டினாள். அவள் குடோன் தறிச்சத்தத்துக்குள் பிறந்து, அதற்குள் தூங்கி, அதற்குள் பாடம் படித்தவள். கல்யாணமான புதிதில் திருப்பூர் வீட்டில் தூக்கம் வராமல், ஏன் என்று காரணம் தெரியாமல் அழுதிருக்கிறாள்.

"அப்ப மைக்கு இல்லாமச் சமாளிச்சுக்கலாம்," என்றான் ஆசிப். "என்னிக்கு வேணுங்க?"

ஞாயிற்றுக்கிழமை என்றாள் ஜெனிதா. ஞாயிற்றுக்கிழமை பெரிய முகூர்த்தம், கடையில் ஒரு கேமராகூட நிற்காது என்றான் அவன். "வியாழன்னா பாதி வாடகைக்குத் தாரனுங்கக்கா. சும்மா கெடக்கறதுக்கு உங்களுக்காச்சும் ஆவட்டும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் நஞ்சுண்டனின் குடோனுக்கு விடுமுறை. வியாழன் என்று சொன்னபோது அது இருவருக்கும் நினைவு வரவில்லை. பாதி வாடகை என்பதுதான் காதில் விழுந்தது.

வியாழக்கிழமை காலை சைமன் சவரம் செய்து, சர்ச்சுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். கழுத்து இளைத்து, காலர் தனியாக நின்றது. ஆசிப் சொன்னது போன்ற வெள்ளைச் சுவர் அவர்களுக்கு ஒன்றுதான் இருந்தது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த குடோன் சுவர். அதில் வெயில் பட்டு, சந்து முழுக்கப் பாலை ஊற்றியது போல இருந்தது. சுவரைப் பார்த்து நாற்காலி போட்டார்கள். சுவரோரம் ஸ்டாண்டை நிறுத்தி, ஜெனிதா பக்கத்தில் முக்காலியில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீ எதுத்தால நிக்காத," என்றார் சைமன் கிருபாவதியிடம். "உன்னப் பாத்தா எனக்குப் பேச்சு வராது."

"நல்ல ஆளுங்க நீங்க. இத்தன வருசம் என்னப் பாத்துத்தான் பேசுனீங்களாக்கும்."

"அது கொறை சொல்றது. இது ஆசீர்வாதம். வேற வேற."

அவள் சமையலறை வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து அரிசி களைந்தாள். களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தாள். சைமனால் குரலை எழுப்பிப் பேச முடியாது, மெதுவாகத்தான் பேசினார். வார்த்தை அவளுக்கு எட்டவில்லை. எட்டக் கூடாது என்றே அவளும் தண்ணீரை அளைந்தாள். அவர் பேசும் நேரமெல்லாம் எதிரே இருந்த ஜெனிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பேச்சு முடிந்ததும் அவள் இரண்டு கையையும் ஊன்றி மெல்ல எழுந்து, கேமராவை நிறுத்தி, சிறு திரையில் ஓட்டிப் பார்த்தாள். திரையில் அப்பா அப்படியே இருந்தார். அதன் சத்தம் மிகச் சன்னமாக வந்தது. அவ்வளவு சின்னதில் அவ்வளவுதான் வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அம்மா, வந்து பாரு. கண்ணாடி மாதிரி வந்திருக்குது."

"பாக்கக் கூடாது," என்றார் சைமன். "பாப்பாதான் மொதல்ல பாக்கோணும். அதுவரைக்கும் யாரும் தொறக்கக் கூடாது. சொல்லிப்போட்டேன்."

அந்த வார்த்தையை எல்லோரும் காப்பாற்றினார்கள். கேமராவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஆசிப் படத்தைப் பென்டிரைவில் ஏற்றி, தொடக்கத்தை மட்டும் சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினான். கிருபாவதி அதை ஒரு கைக்குட்டையில் முடிந்து பைபிள் வைக்கிற அலமாரியில் வைத்தாள்.

அறுவைச் சிகிச்சை முடிந்து கழுத்தில் ஒரு துளையோடு சைமன் கண் விழித்தபோது, எழுதிக் காட்டச் சொல்லி நர்ஸ் ஒரு சிலேட்டை நீட்டினாள். அவர் அதை ஒதுக்கிவிட்டு கிருபாவதியைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"தலையாணி ஒசரமா இருக்குதாமுங்க," என்றாள் கிருபாவதி.

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குப் பிறகு வார்டில் அவர் சொல்வதை எல்லாம் கிருபாவதிதான் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரரைப் பற்றி அவர் சொன்ன சிலதை மட்டும் சொல்லாமல் சிரித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே. குடோனில் இருந்தது போலவே எட்ட இருந்து பேசிக்கொண்டார்கள். ஜெனிதாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் என்னமோ பேசிக்கறீங்க. எனக்கு ஒன்னுமே வெளங்கறதில்ல. அப்பா, எனக்கு எழுதிக் காட்டுங்க."

சைமன் எழுதிக் காட்டுவார். கையெழுத்துக் கோணலாக, இரண்டு வார்த்தைக்கு மேல் போகாது.

மழைக்காலம் வந்ததும் சளி பிடித்தது. நெஞ்சில் இறங்கியது. ஒரு விடிகாலையில், கிருபாவதி வெந்நீர் வைத்துக்கொண்டு திரும்புவதற்குள் அவர் போய்விட்டார். பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள். நஞ்சுண்டன் தறிகளை நிறுத்தச் சொன்னார். அடக்கம் முடிகிற வரைக்கும் குடோன் ஓடவில்லை. அன்றைக்குத்தான் கிருபாவதி அந்தச் சந்தில், ஞாயிறல்லாத ஒரு நாளில், முதன்முதலாகக் காக்கை கத்துவதைக் கேட்டாள். அது அவளுக்கு என்னவோ போலிருந்தது. தறியை ஓட்டச் சொல்லுங்கள் என்று யாரிடமாவது கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது.

அடுத்த மாதம் ஜெனிதாவுக்குப் பெண் பிறந்தது. இனியா என்று பெயர் வைத்தார்கள். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தாயிற்று. சபையில் டி.வி. வைக்கப் போதகர் ஒப்புக்கொண்டார்.

நாலைந்து நாள் முன்னதாக, சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிடலாம் என்று கிறிஸ்டோதான் பென்டிரைவை வாங்கி, வீட்டு டி.வி.யில் மாட்டினான். கிருபாவதி குழந்தைக்கு வசம்பு உரசிக்கொண்டிருந்தாள். உள்ளே சட்டென்று தறிச்சத்தம் கேட்டது. கூடவே ஜெனிதாவின் அழுகையும்.

அவள் ஓடிப் போவதற்குள் கிறிஸ்டோ நிறுத்திவிட்டான். "ஒன்னுமே கேக்கலீங்க அத்தை. வெறும் தறிதான் ஓடுது."

"சத்தத்தக் கூட்டி வெய்யி."

"கூட்டுனா தறிதானுங்க கூடுது."

ஜெனிதா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "எனக்கு அன்னிக்கு நல்லாக் கேட்டுச்சும்மா. பக்கத்துல இருந்தன், அவரு பேசப் பேசக் கேட்டுச்சு. அழுதுட்டே இருந்ததுல ஒரு வார்த்தகூட மனசுல நிக்கல. அதான் எடுக்கறமே, அப்பறம் கேட்டுக்கலாம்னு இருந்துபோட்டன்."

கிருபாவதி வாசலில் நின்றாள். எதிரே குடோன் ஓடிக்கொண்டிருந்தது. காதைக் கொடுத்தால் தறி கேட்டது. காதை எடுத்துக்கொண்டால் கேட்கவில்லை. 'அமைதியான எடம்' என்று தான் சொன்னதும், மைக்கைத் தள்ளிவிட்டு அந்த லென்சைத் தொட்டுக் காட்டியதும் நினைவுக்கு வந்தன.

சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டு நஞ்சுண்டன் சந்துக்கு வந்தார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தாச் சித்தெ நேரம் தறிய நிறுத்தியிருப்பனே அம்மணி. சைமனுக்கு அதுகூடச் செய்யமாட்டனா?"

"நிறுத்தோணும்னே எங்களுக்குத் தோணலீங்க மொதலாளி," என்றாள் அவள்.

அவர் தம் குடோன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

மறுநாள் அவள் தனியாகக் கோயமுத்தூர் பஸ் ஏறினாள். ஆசிப் அவளை அடையாளம் கண்டுகொண்டான். நெற்றியைப் பார்த்தான், அதில் எப்போதும் பொட்டு இருந்ததில்லை. ஆனால் தாலியில்லாத கழுத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டான். பென்டிரைவைக் கம்ப்யூட்டரில் மாட்டி, காதில் பெரிய ஹெட்போனை வைத்துக்கொண்டு வெகுநேரம் என்னவெல்லாமோ செய்து பார்த்தான். சத்தத்தைக் கீறுகள் போலத் திரையில் காட்டி, ஒவ்வொன்றாக அழித்தான். கடைசியில் ஹெட்போனைக் கழற்றினான்.

"முடியலீங்கக்கா. தறி எந்தச் சத்தத்துல ஓடுதோ அவரும் அதே சத்தத்துல பேசறாரு. அதப் பிச்சா இதும் சேந்து வருது." அவன் ஹெட்போன் வயரைச் சுற்றினான். "அன்னிக்கு நான் அந்த மைக்கச் சும்மாவே குடுத்து உட்டிருக்கோணும்."

"நீங்க கேக்கத்தான் கேட்டீங்க. நான்தானுங்க தப்பாச் சொல்லிப்போட்டன்."

"படம் மட்டும் பாக்கறீங்களா? அவ்வளவு நல்லா வந்திருக்குது."

அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவன் சத்தத்தை நிறுத்திவிட்டு, படத்தைப் பெரிய திரை முழுக்க விரித்துவிட்டான்.

சைமன் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். மீசையில் ஒவ்வொரு நரைமுடியும் தனித்தனியாக. சவரத்தில் தாடையோரம் கீறிக்கொண்டது. உயிரோடு இருந்தபோதுகூட அவள் அத்தனை பக்கத்தில், அத்தனை நேரம் அவரை நிதானமாகப் பார்த்ததில்லை. அவர் தொண்டையைச் செருமினார். பேசத் தொடங்கினார்.

கிருபாவதி சிரித்தாள்.

ஆசிப் திரும்பிப் பார்த்தான். "என்னங்கக்கா?"

"கேமரா வாடகைய நெனச்சாக் கண்ணு சிமிட்டறதுக்கே பயமா இருக்குதாமா அவருக்கு."

"யாரு சொன்னாங்க?"

"அவருதானுங்க. இப்பச் சொன்னாரில்ல."

ஆசிப் திரையையும் அவளையும் பார்த்தான். படத்தை நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடியும் ஓட்டினான். அவள் அதையே சொன்னாள். சத்தம் போனால் போகிறது. அவர் அந்தச் சந்தில், தறிக்கு முன்னால் பேசுகிற பழக்கத்தில், உதட்டை விரித்துக் குவித்து நிதானமாகத்தான் பேசியிருந்தார். முகத்துக்கென்றே உள்ள அந்த லென்ஸ் ஒரு அசைவைக்கூட விடவில்லை. அவள் ஸ்டூலின் நுனிக்கு வந்து, எட்டத் தறியைப் பார்ப்பது போல முகத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆமென் என்று அவர் தலை குனிந்ததும் ஆசிப் நிறுத்தினான். கடையில் யாரோ பேட்டரி கேட்டு வந்தார்கள். அவன் அவர்களைச் சற்று நேரம் கழித்து வரச் சொன்னான்.

"அக்கா, நீங்க அதச் சொல்லுங்க. காலர் மைக்குல எடுத்து இதோட ஒட்டித் தாரன். பைசா வேண்டாம்."

அவள் யோசித்தாள். "வேண்டாங்க தம்பி. எங்க சபைல வாயால சொல்றதுதான் வழக்கம். நானே பக்கத்துல நின்னு சொல்லிக்கறன்."

ஞானஸ்நானத்தன்று சர்ச்சில் டி.வி.யை மேசைமேல் வைத்திருந்தார்கள். நஞ்சுண்டனும் குடோன் ஆட்கள் சிலரும் பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தலையில் தண்ணீர் பட்டு அழுத குழந்தையை ஜெனிதா தோளில் போட்டு ஆற்றிக்கொண்டு முன்னால் நின்றாள். கிறிஸ்டோ சத்தத்தை முழுக்கக் குறைத்துப் படத்தை ஓடவிட்டான். கிருபாவதி பக்கவாட்டில் நின்று, திரையைப் பார்த்தபடியே குழந்தையின் தலையில் கையை வைத்தாள். தொடக்கத்து வாடகைப் பேச்சை மட்டும் விட்டுவிட்டாள். பிறகு சைமனின் உதடு அசைய, ஒரு நொடி பின்னால் அவள் குரல் வந்தது.

"பாப்பா, உன்ற தாத்தன் பேசறன். பொண்ணோ பையனோ தெரியல, ரெண்டும் சந்தோசந்தான். நீ வர்றப்ப எனக்குப் பேச்சு இருக்காது. கோவிச்சுக்காத. எங்க காலம் முச்சூடும் சத்தத்துக்குள்ளயே போச்சு. உன்ற அம்மாவ அதுக்கு வெளிய வளத்துனோம். நீ இன்னும் அக்கட்டால போகோணும். நீ கத்தாமப் பேசுனாலே கேக்கற எடத்துல ஆண்டவரு உன்ன வெக்கட்டும். நீ மெதுவாச் சொன்னாலும் திரும்பிப் பாக்கற மனுசங்களக் குடுக்கட்டும். ஆமென்."

சபை ஆமென் என்றது. பின்வரிசையில் குடோன் ஆட்கள் ஒரு வார்த்தை முன்னதாகவே சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை.

கிறிஸ்டோ படத்தை நிறுத்த ரிமோட்டைத் தேடினான். யாரோ பெஞ்சில் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். படம் ஓடிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு ஜெனிதா வயிற்றைத் தாங்கி, கையை ஊன்றி எழுந்து கேமராவை நிறுத்த எடுத்துக்கொண்ட நேரம் அது. ஆசிப்பின் கடையில் கிருபாவதி பார்த்திராத நேரம். திரையில் சைமன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு தலையைத் திருப்பி, சமையலறை வாசல் பக்கம் பார்த்தார். படத்தில் தெரியாத அந்த வாசலில்தான் அன்று அவள் முதுகைக் காட்டி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்காது. அவர் கூப்பிடவும் இல்லை. அந்த முதுகைப் பார்த்து, தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் எழுப்பாமல், உதடு மட்டும் அசைந்தது. எந்த மைக்கை வைத்திருந்தாலும் அதில் விழுந்திருக்காது.

தண்ணி குடிச்சியா?

சற்றுப் பொறுத்து, நம்பாமல், இன்னொரு தரம்.

திரை நீலமாயிற்று.

பின்வரிசையில் ஒருவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஜெனிதா அம்மாவின் தோளைத் தொட்டாள். "கடைசில அப்பா என்னமோ சொன்னாரே. என்னம்மா?"

"அந்தத் தண்ணி பாட்டில எடு கண்ணு," என்றாள் கிருபாவதி.

மகள் எடுத்துக் கொடுத்தாள். கிருபாவதி மூடியைத் திருகி, நின்றவாக்கிலேயே, நிறுத்தி நிறுத்தி முழுவதையும் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நீலத் திரையைப் பார்த்துத் தலையாட்டினாள்.